கண்காட்சி மேஜையில் எங்கள் இடம்

மாசி மாதக் கடைசியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிடும். திங்கட்கிழமை ஓட்டப்பந்தயம், செவ்வாய் கபடி, புதன் பேச்சுப் போட்டி, வெள்ளிக்கிழமை காலையில் அறிவியல் கண்காட்சி, சாயங்காலம் ஆண்டு விழா. அதற்கப்புறம் பரீட்சைதான். குப்பத்துப் பஞ்சாயத்து கொடுத்த மனையில் கட்டின பள்ளிக்கூடம் என்பதால், பிள்ளை அங்கே படிக்காத வீட்டுக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நானும் வருஷா வருஷம் போவேன். கடைசியில் தண்ணீர் டிரம் பக்கமாக நிற்பேன். யாராவது வந்து பேச்சுக் கொடுப்பதற்குள் வீடு திரும்பிவிடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

போன வருஷம் என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கண்காட்சிக்கு ஏதோ கடல் மாடல் செய்கிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தெர்மாகோல் விரிக்க இடமில்லை. காலடிப்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் அட்டையும் பெயின்டும் வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலேயே வைத்துச் செய்தாள். அதனால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வகுப்பறைக்குள் போகும்வரை நான் அதைப் பார்க்கவில்லை.

நீலப் பெயின்ட் அடித்த கடல். கரையோரம் ஊதுபத்திக் குழாயில் செய்த புகைபோக்கிகள், ஐஸ்கிரீம் கப்பில் ஒரு தண்ணீர்த் தொட்டி, மாதா கோயில் சிலுவை, செல்போன் டவர். கரையிலிருந்து இரண்டு சிவப்பு நூல்கள் கடலுக்குள் ஓடின. அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு குண்டூசி. களிமண்ணில் செய்த குட்டிப் படகு ஒன்று ஓரமாக நின்றது.

அந்தக் குண்டூசி நின்ற இடம் எங்கள் இடம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும், அதாவது என் மூத்தாரும், சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். கரையிலிருந்து முக்கால் மணி நேரம் போனால், ஓரிடத்தில் கடலுக்கு அடியில் சரக்கு ஏற்றும் பழைய பார்ஜ் படகு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. மூன்று வலை கிழிந்த பிறகுதான் மூத்தாருக்கு அது தெரிந்தது. நாலாம் தடவை வலையை வைத்துவிட்டுத் தூண்டில் எடுத்துப் போனார். சங்கரா மீனும் களவா மீனும் ஏறியது. அன்றையிலிருந்து விடியற்காலையில் போய், பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். யார் கேட்டாலும் வேறு ஏதாவது ஒரு திசையைக் காட்டுவார்கள். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துப் பெரிய போட்டுகள் எல்லாம் நின்றுவிட்டால், மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு அந்த இடம்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சோறு.

நடுக்கடலில் தெருப் பெயரா எழுதி வைத்திருக்கிறது? கரையைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். வள்ளூர்ப் பக்கத்து மின்நிலையப் புகைபோக்கிகளில் ஒன்று ஒரு தண்ணீர்த் தொட்டியின் தலைக்கு நேராக வர வேண்டும். அதே நேரம் இந்தப் பக்கம் சிலுவையும் டவரும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும். இரண்டு கோடும் சேரும் இடத்தில் படகு நின்றால் கீழே பார்ஜ். எந்தப் புகைபோக்கி, எந்தத் தொட்டி என்பதுதான் சங்கதி. அதை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. எங்கள் படகில் ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறது. ஆனால் அந்த இடத்தை அதில் ஏற்றவே இல்லை. பெட்டி பழுதானால் ரிப்பேர் கடைக்குப் போகும், கடைக்காரன் பார்த்துவிடுவான் என்பது மூத்தாரின் கணக்கு.

கடலுக்கே போகாத எனக்கு அந்தக் குறி எப்படித் தெரியும் என்றால், கல்யாணமான மூன்றாம் மாதம் என் வீட்டுக்காரர் சொன்னார். "ஒருநாளு நாங்க திரும்பி வரலன்னா எங்க போயி தேடுவாங்கோ? நீதான் சொல்லணும். அதுவரிக்கும் வாயத் தொறக்காத." எங்கள் குப்பத்தில் ஒவ்வொரு படகுக்கும் கரையில் இப்படி ஒரு பெண் இருப்பாள். பத்தொன்பது வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் மகள் கேட்டாள். "யம்மா, மெஷின் இல்லாத காலத்துல கடல்ல எடம் எப்டிம்மா கண்டுபுடிச்சாங்க? அப்பா தூங்குறாரு. உனுக்குத் தெரியுமா?"

அவள் நாலாம் வகுப்பு தாண்டியதிலிருந்து என்னிடம் பாடத்தில் எதுவும் கேட்டதில்லை. கேட்டும் பிரயோஜனம் இருந்ததில்லை. அன்றைக்குக் கேட்டாள், எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், கோலப்பொடி டப்பாவையும் சொம்பையும் தரையில் வைத்து நேர்பிடித்துக் காட்டினேன். எடுத்துக்காட்டாக என் வாயில் வந்தது எங்கள் குறிதான். நோட்டில் இரண்டு கோடு போட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பாவம், புகைபோக்கியை எண்ணிச் சரியாக வைத்திருக்கிறாள்.

வகுப்பறை வாசலில் நின்று இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. மகள் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய பக்கத்து மேஜையில் மழைநீர் சேகரிப்பு மாடல் வைத்திருந்த பெண், எங்கள் படகுக்கு அடுத்ததாக மஞ்சள் படகு நிறுத்துகிறவருடைய மகள். இரண்டு பேரும் சிநேகிதிகள். மஞ்சள் படகுக்காரர் அப்போதுதான் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். முப்பது வருஷம் கடலுக்குப் போன ஆள். அவருக்கு அந்த மேஜையைப் படிக்க எழுத்து தேவையில்லை.

அவர் தன் மகள் பக்கம் திரும்பின நேரத்தில் நான் போய், ஒரு நூலைப் புகைபோக்கியிலிருந்து கழற்றி அடுத்ததில் மாட்டினேன். குண்டூசியைப் பிடுங்கி, நூல் புதிதாக வெட்டிக்கொண்ட இடத்தில் குத்தினேன். அவசரத்தில் கொஞ்சம் பெயின்ட் பெயர்ந்தது. திரும்பி வாசலோரத் தண்ணீர் டிரம் பக்கம் வந்து நின்ற பிறகுதான் பார்த்தேன். குண்டூசி முதலில் நின்ற இடத்தில், நீலக் கடலுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு ஓட்டை. நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது.

மறுபடி போக முடியவில்லை. மதிப்பெண் போட வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சாரும், எங்கள் அறிவியல் மிஸ்ஸும் உள்ளே வந்துவிட்டார்கள். மகள் ஓடி வந்து மேஜைக்குப் பின்னால் நின்றாள். பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். நூலைத் தொட்டுக் காட்டப் போனபோது நின்றுவிட்டாள். அவள் கண் புகைபோக்கிக்கும் குண்டூசிக்கும் நாலைந்து தடவை போய் வந்தது.

"சொல்லும்மா," என்றார் அந்த சார். பிறகு பக்கத்தில் நின்ற மஞ்சள் படகுக்காரரைப் பார்த்து, "நீங்க கடலுக்குப் போறவரா? இது சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

அவர் குனிந்து பார்த்தார். "இங்கியா சார்? இங்க இன்னா கீது, வெறும் சேறு. நண்டுகூட வராது."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்ல சார், நான் சரியாத்தான் வெச்சேன். யாரோ மாத்திட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே குண்டூசியைப் பிடுங்கினாள்.

"வேணாம்!"

அது என் குரல்தான். வகுப்பறை முழுக்கத் திரும்பியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்ததில்லை. மகளும் பார்த்தாள். கையில் குண்டூசி அப்படியே நின்றது. மஞ்சள் படகுக்காரர் என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக மாடலைப் பார்த்தார். அவர் கண் வெள்ளை ஓட்டையில் போய் நின்றதை நான் கண்டேன். அங்கிருந்து புகைபோக்கிக்குப் போனது. தொட்டிக்குப் போனது.

மகள் என்ன புரிந்துகொண்டாளோ. ஓரத்தில் இருந்த களிமண் படகை எடுத்து, விளையாட்டுக்கு நகர்த்துவதுபோல நகர்த்தி, அந்த ஓட்டையின் மேல் வைத்தாள். "தப்பா கட்டிட்டேன் சார்," என்றாள்.

"பசங்க வேலதான சார்," என்றார் மஞ்சள் படகுக்காரர் சத்தமாக. "வாங்க, அடுத்த மேஜையப் பாக்கலாம்." சாரை ஏறக்குறையத் தோளில் கை வைத்துத் தன் மகளின் மேஜைக்குக் கூட்டிப்போனார். தன் பெண்ணுக்குப் பரிசு வாங்கவும் வழி பண்ணிக்கொண்டார், எங்கள் இடத்தையும் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆண்டு விழாவில் மழைநீர் மாடலுக்கு முதல் பரிசு. என் மகளுக்கு ஒன்றும் இல்லை. கபடியில் ஜெயித்த பெண்கள் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்கள், அவளும் கை தட்டினாள். கூட்டம் கலையும்போது அறிவியல் மிஸ் எங்களைக் கூப்பிட்டார். மாவட்டக் கண்காட்சிக்கு இரண்டு மாடல் அனுப்பலாமாம். யோசனை இதுதான் எல்லாவற்றிலும் நல்லது, நூலை மட்டும் திங்கட்கிழமைக்குள் சரிசெய்துவிட்டால் இதையும் அனுப்புவேன் என்றார். மகள் என்னைப் பார்க்காமல், "சரி மிஸ்" என்றாள்.

வீட்டில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூத்தார் வாசலில் நின்றே கத்தினார்.

"மூணு வலைய பலி குட்த்து கண்டுபுடிச்ச எடம்! கூட இருந்தவனாண்டகூட சொன்னதில்ல. நீ பொண்ணுக்கு ஓம்வொர்க்கு எழுதிக் குட்த்துட்ட!"

மகள் உள்ளேயிருந்து சொன்னாள். "பெரிப்பா, அம்மாவ ஏன் திட்ற? ரகசியம்னு எனுக்கு யாரு சொன்னாங்க?" பிறகு என்னிடம் மட்டும், "நூலத் தப்பா கட்டி எட்த்துனு போமாட்டேன்மா. போவாமகூட இருந்துடறேன்," என்றாள். சோறு தின்னவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் படகு கிளம்பியபோது, மஞ்சள் படகும் கிளம்பியது. அவர் எப்போதும் பத்து மணிக்கு மேல்தான் தொழிலுக்குப் போவார். நான் கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் படகு தெற்கே திரும்பியது. மஞ்சள் படகும் கொஞ்சம் தள்ளியே வந்து, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நின்றதாம். எங்கள் ஆட்கள் இடத்துக்குப் போகாமல், எங்கெங்கோ தூண்டில் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியில் நாலு கிழங்கான் மீனோடு திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. கரையில் மஞ்சள் படகுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். தடைக்காலத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அந்த ஆள் இப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால், இடம் தெரிந்தும் பட்டினிதான்.

ஞாயிறு சாயங்காலம் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கு இன்னொரு குறி ஞாபகம் வந்தது.

நான் பிறந்தது ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் இருந்த குப்பத்தில். என் அப்பாவுக்கும் ஓர் இடம் இருந்தது. விடியற்காலையில் போனால் இறால் அள்ளலாம். மூன்று பனைமரமும் ஒரு கோபுரமும் அதற்குக் குறி. அப்பா அதை அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அண்ணன் தம்பி இருந்தும், அவர்கள் கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போய்விட்டதால், அம்மா கடைசிக் காலத்தில் அதை என்னிடம் சொன்னாள். சாம்பலும் சேறும் வந்து படிந்து அந்த இடம் மேடாகிப் பல வருஷம் ஆகிறது. பனைமரங்களும் இப்போது இல்லை. அங்கே போய் யாரும் எதையும் பிடிக்க முடியாது.

அந்தக் குறியை மாடலில் வைக்கலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அது நெசம்தான. யாருக்கும் நஷ்டமும் இல்ல. அத்த வெச்சிக்கோங்க," என்றார்.

திங்கட்கிழமை காலை மகளோடு பள்ளிக்கூடத்துக்கு நான் போனேன். பனைமரத்துக்குத் துடைப்பக்குச்சி எடுத்துப் போனோம். அவள் கோபுரம் செய்தாள், நான் நூலைப் பிடித்துக் குண்டூசி குத்தினேன். பழைய ஓட்டையில் அவள் பெயின்ட் பூசினாள், இரண்டு தடவை. அறிவியல் மிஸ் வந்து பார்த்தார்.

"இங்க இப்ப என்ன மீன் கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது மிஸ்," என்றாள் மகள்.

"அப்ப எதுக்கு இந்த இடம்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "எங்கப்பா எடங்க மிஸ். மேடாயிடுச்சி. அங்க இறால் இருந்திச்சி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிஸ் மறுபடி சொல்லச் சொல்லி, ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாவட்டக் கண்காட்சி. மாடல்களை ஏற்றிப்போக வண்டி வேண்டும். மீன் ஏற்றுகிற குட்டி யானை வண்டியை மஞ்சள் படகுக்காரர்தான் கொண்டு வந்து நிறுத்தினார். அவர் பெண்ணும் போகிறாளே. பள்ளிக்கூட வாசலில் என் மகளின் மாடலை அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்படி ஆயிற்று. வண்டியில் வைத்ததும் அவர் கையை எடுக்கவில்லை. புதுக் குண்டூசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இந்த மூணு பனை உனுக்கு எப்டி தெரியும்?"

நூலைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு சொன்னேன். "எங்க நைனா எடம்ணே. விடியகாலைல போவாரு."

"எங்க நைனா எடம் இது," என்றார் அவர். "மத்தியானத்துக்கு மேலதான் போவாரு. எங்க அம்மாளத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொல்லுவாரு."

என் அப்பா காலையில், அவர் அப்பா மத்தியானத்தில். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் இறால் அள்ளி, ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு பேரும் செத்துப்போயிருக்கிறார்கள்.

"யப்பா, டைம் ஆச்சு," என்று அவர் பெண் வண்டியைத் தட்டினாள். வண்டி கிளம்பியது.

மகள் இரண்டாம் பரிசோடு வந்தாள். சான்றிதழை மூத்தார்கூட வாங்கிப் பார்த்தார். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு வண்டியடியில் நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவன் எப்பவும் பத்து மணிக்கு மேலதான கெளம்புவான்?"

"ஆமா."

"நாம பத்து மணிக்கு வந்துடுவோம்." சொம்பை எடுத்துக் கை கழுவினார். "சனிக்கெழம அவன் நம்மள தொரத்தினு வந்தானா, இல்ல பார்ஜு அவன் எடமும்தானா, அதுல வேற எவனாவது வந்துட்டானான்னு பாக்க வந்தானா?"

அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் படகு விடியற்காலையில் போனது. மஞ்சள் படகு கரையிலேயே கிடந்தது. பத்து மணிக்கு எங்கள் படகு வரவில்லை. பத்தரைக்கு மஞ்சள் படகு கிளம்பியது. பதினொன்றுக்கும் எங்கள் ஆட்கள் வரவில்லை. நான் மீன் விற்கப் போகாமல் கரையில் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லையென்றால் எங்கே தேடச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்துக்குத்தான் மஞ்சள் படகும் போயிருக்கும். மூத்தார் கோபக்காரர். படகில் கத்தி இருக்கிறது, கட்டை இருக்கிறது. வெயில் ஏற ஏற என்னால் உட்கார முடியவில்லை.

பன்னிரண்டரைக்கு எங்கள் படகு தெரிந்தது. படகில் இரண்டு தலையும் இருக்கிறதா என்று எண்ணினேன். இருந்தது. மூத்தார் இறங்கி, யாரையும் பார்க்காமல், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பெட்டி கனமாக இருந்தது.

"எடத்துலயே நின்னுகினு இருந்தோம்," என்றார் என் வீட்டுக்காரர், கயிற்றைக் கட்டிக்கொண்டே. "வந்தான்."

"சண்டையா?"

"இல்ல."

"பின்ன? இன்னா சொன்னான்?"

அவர் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"'இன்னா மச்சான், பத்து மணி தாண்டிடுச்சே, இன்னும் கெளம்பலியா'ன்னு கேட்டான்."